கணக்கு மேசைக்கு அம்மாவும் வரட்டும்!

“கணக்கா? அதெல்லாம் எனக்குத் தெரியாதம்மா. அப்பா வந்ததும் கேள்.”

மாலையில் வீட்டுப் பாடத்தை விரித்து உட்கார்ந்த நம்மில் எத்தனை பேர் இந்தச் சொற்களைக் கேட்டிருக்கிறோம்! அப்பா வந்ததும் கேட்டால், “நாங்கள் படித்த காலத்துக் கணக்கே வேறு. உங்கள் டீச்சரைக் கேள்” என்று செய்தித்தாளை எடுத்துக்கொள்கிறார். ஆக, தமிழும் வரலாறும் நம் வீட்டுக்குள் தாராளமாக வந்து போகின்றன. கணிதம் மட்டும் வாசற்படியிலேயே நின்றுவிடுகிறது.

ஆனால் அதே அம்மாதான் மாத இறுதியில் பால் கணக்கையும் மளிகைக் கணக்கையும் விரல்விட்டே கூட்டி முடிக்கிறார். சீட்டுத் தள்ளுபடியில் எவ்வளவு கிடைக்கும் என்பதை நமக்கு முன்னே சொல்லிவிடுகிறார். அப்படியானால் அவருக்குத் தெரியாதது கணக்கா? அல்லது கணக்கு என்ற பெயரா? இந்தக் கேள்விக்கு விடை தேடியதுதான் எம் பள்ளியின் ‘குடும்பக் கணித மாலை’. அதைப் பற்றியும், அதில் எல்லா மாணவியரையும் பங்கு பெறச் செய்வது எப்படி என்பது பற்றியும், நாங்கள் ஒருமுறை தோற்று மறுமுறை கற்றதை இங்கே எழுதுகிறோம். இனி இதை நடத்தப் போகும் தங்கையருக்கு இது பயன்படும் என்று நம்புகிறோம்.

குடும்பக் கணித மாலை என்றால் என்ன?

மாணவியர் தம் வீட்டாருடன் பள்ளிக்கு வந்து, இரண்டு மணி நேரம் கணித விளையாட்டுகளிலும் புதிர்களிலும் சேர்ந்து ஈடுபடுவதே குடும்பக் கணித மாலை. அன்று பாடம் இல்லை, தேர்வு இல்லை, மதிப்பெண் பற்றிய பேச்சும் இல்லை.

இம்முயற்சி அமெரிக்காவில் வேரூன்றியது. கலிபோர்னியா மாநிலத்தின் பெர்க்லி நகரில், பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரன்ஸ் ஹால் ஆப் சயன்ஸ் என்ற அறிவியல் மையம் உள்ளது. அங்கே 1977 ஆம் ஆண்டில் ‘ஈக்வல்ஸ்’ என்ற திட்டம் தொடங்கப்பட்டது. பெண் பிள்ளைகள் கணிதத்தை விட்டு விலகிப் போவதைத் தடுப்பது அதன் முக்கிய நோக்கம். ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தால் மட்டும் போதாது, வீட்டாரும் துணை நிற்க வேண்டும் என்ற எண்ணத்தில் 1980களின் தொடக்கத்தில் ‘பேமிலி மேத்’ என்ற கிளை பிறந்தது. பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து செய்யத்தக்க விளையாட்டுகளைத் தொகுத்து, அதே பெயரில் 1986 இல் ஒரு புத்தகமும் வெளியிட்டார்கள். அதில் வேண்டிய பொருள்கள் மிகவும் எளியவை: அவரை விதை, காகிதம், தீக்குச்சி போன்றவை. எந்த ஏழை வீட்டிலும் கிடைப்பவை அல்லவா?

பெண் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய முயற்சி என்று எங்கள் கணித ஆசிரியை சொன்னபோது, எங்களுக்கு அது நமக்காகவே செய்ததைப் போலத் தோன்றியது.

நாங்கள் தோற்ற கதை

சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, கணித மன்றத்தின் பொறுப்பு எங்களிடம் வந்தது. டிசம்பர் 22 கணித மேதை இராமானுஜன் பிறந்த நாள். 1887 ஆம் ஆண்டு ஈரோட்டில் பிறந்த அவரது பிறந்த நாளை 2012 முதல் நம் நாடு தேசிய கணித நாளாகக் கொண்டாடுகிறது. அதையொட்டியே விழா வைக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். மேடை போட்டோம். ஒலிபெருக்கி கட்டினோம். வினாடி வினா, பரிசுக் கோப்பை எல்லாம் ஆயத்தம். ‘பெற்றோர் தவறாது வர வேண்டும்’ என்று அழைப்பிதழ் எழுதிக் கொடுத்தனுப்பினோம்.

நூறு நாற்காலிகள் போட்டிருந்தோம். முன் இரண்டு வரிசை கூட நிரம்பவில்லை. வந்த பெற்றோரும் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் விடை சொன்னவர்கள் வகுப்பில் எப்போதும் விடை சொல்லும் அதே ஐந்தாறு பேர். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டோம், எங்கே நம்மைக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று! நாற்காலிகளை அடுக்கும்போது எங்களுக்கு அழுகையே வந்துவிட்டது.

தலைமையாசிரியை சிஸ்டர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. “வராதவர்களைக் குறை சொல்லாதீர்கள். ஏன் வரவில்லை என்று போய்க் கேளுங்கள்” என்றார். அடுத்த வாரம் முழுவதும் வகுப்பு வகுப்பாகப் போய்க் கேட்டோம். கிடைத்த விடைகள் இவை.

முதலாவது, நாள் பொருத்தமில்லை. அது அரையாண்டுத் தேர்வு நடக்கும் வேளை. பிள்ளை படிக்கட்டும் என்று வீட்டில் நிறுத்திக்கொண்டார்கள்.

இரண்டாவது, அழைப்பிதழைப் பார்த்துப் பல அம்மாக்கள் பயந்துவிட்டார்கள். ‘தவறாது வர வேண்டும்’ என்று பள்ளியிலிருந்து எழுத்து வந்தால், மகள் கணக்கில் தோற்றுவிட்டாள், அதைச் சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எண்ணினார்களாம்.

மூன்றாவது, ‘பெற்றோர்’ என்ற ஒரு சொல். பாட்டி வீட்டில் வளரும் மாணவியர் இருக்கிறார்கள். அப்பா இல்லாதவர்கள் இருக்கிறார்கள். விடுதி மாணவியரின் வீடுகளோ நெடுந்தொலைவில். அந்தச் சொல்லை எழுதிய எங்களுக்கு அது தோன்றவேயில்லை. இதை நினைத்து மிகவும் வருந்தினோம்.

நான்காவதுதான் எல்லாவற்றிலும் பெரியது. “பத்துப் பேர் முன்னால் தப்பாகச் சொல்லிவிட்டால்?” என்ற பயம். மகளுக்கும் அந்தப் பயம், அம்மாவுக்கும் அந்தப் பயம்.

பயம் தொற்றுமா?

இந்தப் பயத்தைப் பற்றி எங்கள் ஆசிரியை ஓர் ஆய்வை எடுத்துச் சொன்னார். அமெரிக்காவில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளையும் அவர்களது பெற்றோரையும் கவனித்து 2015 ஆம் ஆண்டு ஓர் ஆய்வு வெளியாயிற்று. கணக்கைக் கண்டு அஞ்சும் பெற்றோர் அடிக்கடி உட்கார்ந்து வீட்டுப் பாடம் சொல்லித் தந்தால், அந்தக் குழந்தைகள் கணிதத்தில் பின்தங்கினார்கள். அவர்களுக்கும் பயம் மிகுந்தது. தெரியாததால் வந்த கேடு என்பதைவிட, பயத்தோடு சொல்லித் தந்ததால் வந்த கேடு என்றே நாங்கள் இதைப் புரிந்துகொண்டோம்.

அப்படியானால் பெற்றோர் ஒதுங்கி நிற்க வேண்டியதுதானா? இல்லை. அதே 2015 இல் வெளியான இன்னோர் ஆய்வில், பெற்றோரும் ஒன்றாம் வகுப்புக் குழந்தையும் சேர்ந்து எண்கள் கலந்த சிறு கதைகளைப் படித்துப் புதிர்களுக்கு விடை கண்டார்கள். வாரத்தில் ஓரிரு முறை படித்தவர்களிடமும் அவ்வாண்டு இறுதியில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. அதிலும் கணக்குக்கு அஞ்சும் பெற்றோரின் குழந்தைகளே மிகுதியாகப் பயனடைந்தார்கள். வீட்டுப் பாடம் என்றால் பயம், கதையும் விளையாட்டும் என்றால் நெருக்கம். குடும்பக் கணித மாலை ஏன் விளையாட்டாகவே இருக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல காரணம்.

இந்த ஆண்டு செய்த மாற்றங்கள்

பத்தாம் வகுப்புக்கு வந்ததும், இந்த ஆண்டு ஆகஸ்டு மாதத்துச் சனிக்கிழமை ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். தேர்வு இல்லாத நேரம். மாலை 5 மணி முதல் 7 மணி வரை, இருட்டி வெகுநேரம் ஆகுமுன் பேருந்து பிடிக்க வசதியாக.

அழைப்பிதழை அச்சடிக்கவில்லை. ஒவ்வொரு மாணவியும் தன் கையால் எழுதினாள். ‘உங்கள் மகளின் மதிப்பெண்ணைப் பற்றி அன்று யாரும் பேச மாட்டார்கள். உங்கள் வீட்டிலிருந்து யாரேனும் ஒருவர் வாருங்கள். பாட்டியோ, அத்தையோ, அண்ணனோ யாராயினும் மகிழ்ச்சி. தம்பி தங்கையரையும் அழைத்து வரலாம்’ என்பதே வாசகம். விடுதி மாணவியருக்கு விடுதிச் சிஸ்டரும், சமையலறை அக்காமாரும், வாயிற்காவலர் தாத்தாவும் அன்று வீட்டாராக வருவது என்று முடிவாயிற்று.

மேடையை எடுத்துவிட்டோம். ஒலிபெருக்கி இல்லை. பரிசும் இல்லை. பரிசு இருந்தால் ஒருத்தி வெல்வாள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். அதற்குப் பதிலாகத் தாழ்வாரம் நெடுகிலும் ஐந்து மேசைகளைப் போட்டோம். ஒவ்வொரு மேசையிலும் பெரிய வகுப்பு மாணவி ஒருத்தி, ஆறாம் அல்லது ஏழாம் வகுப்புத் தங்கை ஒருத்தி.

இங்கேதான் ஆசிரியை ஒரு விதி வைத்தார். வகுப்பில் கை உயர்த்தாதவர்களுக்கே மேசைப் பொறுப்பை முதலில் தர வேண்டும். நன்றாகக் கணக்குப் போடுபவர்கள் சுண்டல் வழங்கும் வேலையைப் பார்க்கட்டும்! எங்களில் சிலருக்கு அன்று முகம் சுருங்கியது உண்மை. ஆனால் பின்னர்தான் அதன் நியாயம் விளங்கியது. மேசைக்குப் பின்னால் நிற்பவளுக்கு விளையாட்டின் விதி நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகவே அவள் பலமுறை ஆடிப் பார்ப்பாள். பிறருக்குச் சொல்லிக் கொடுக்கப் போகிறோம் என்ற எண்ணம் வந்தால் பயத்துக்கு இடம் குறைந்துவிடுகிறது.

மேசையில் இருப்பவர் விடையைச் சொல்லக் கூடாது என்பது இரண்டாம் விதி. மூன்று கேள்விகள் மட்டும் கேட்கலாம். “எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?” “வேறு வழி உண்டா?” “எண்ணை மாற்றினால் என்ன ஆகும்?”

ஐந்து மேசைகள்

முதல் மேசை, புளியங்கொட்டை ஆட்டம். 21 கொட்டைகளைக் குவித்து வைக்க வேண்டும். இருவர் மாறி மாறி எடுக்க வேண்டும். ஒரு முறைக்கு 1, 2 அல்லது 3 கொட்டைகள் எடுக்கலாம். கடைசிக் கொட்டையை எடுப்பவர் வென்றவர். பார்க்க அதிர்ஷ்டம் போல இருக்கும். ஆனால் இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. அதைக் கீழே சொல்லுவோம். அதற்குள் நீங்களே ஆடிப் பாருங்கள்.

இரண்டாம் மேசை, உண்மையில் மேசையே அல்ல. தாழ்வாரத் தரையில் கோலம். ‘நேர்ப்புள்ளி 7, ஒன்று வரை’ என்று பாட்டிமார் சொல்வார்களே, அந்தக் கோலத்துக்கு மொத்தம் எத்தனை புள்ளிகள் என்பதே கேள்வி. வரிசை வரிசையாகப் பார்த்தால் 1, 3, 5, 7, 5, 3, 1. எண்ணினால் 25. எண்ணாமல் சொல்ல முடியுமா? ஒரு புள்ளி வையுங்கள். அதன் ஒரு மூலையைச் சுற்றி 3 புள்ளிகள் வைத்தால் இரண்டுக்கு இரண்டு சதுரம். அதைச் சுற்றி 5 வைத்தால் மூன்றுக்கு மூன்று. இன்னும் 7 வைத்தால் நான்குக்கு நான்கு. ஆகவே 1, 3, 5, 7 கூடினால் 16. மீதி 5, 3, 1 கூடினால் மூன்றுக்கு மூன்று, 9. மொத்தம் 25. அந்த 25 புள்ளிகளையும் ஐந்துக்கு ஐந்து சதுரமாகவே மாற்றி அடுக்கலாம். 9 உடன் 16 சேர்ந்தால் 25 என்பது, பித்தகோரஸ் தேற்றத்தில் நாம் படிக்கும் 3, 4, 5 முக்கோணம் அல்லவா! ஆனால் எல்லாக் கோலத்துக்கும் இப்படி அமையாது. ‘5 புள்ளி, ஒன்று வரை’ என்றால் 9 உடன் 4 சேர்ந்து 13. அதைச் சதுரமாக அடுக்க முடியாது.

கோலத்தைக் கணிதமாகப் பார்ப்பது எங்கள் கற்பனை அன்று. சென்னை தாம்பரத்தில் உள்ள கிறித்தவக் கல்லூரியின் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரிதிவாசன் ஆகியோர் 1974 ஆம் ஆண்டிலேயே, கோலங்களைக் கணினி அறிவியலின் இலக்கண விதிகளால் அமைத்துக் காட்டும் ஆய்வை வெளியிட்டார்கள். மூவரில் இருவர் பெண்கள். வாசலில் போடும் கோலம் உலக ஆய்வரங்குக்குப் போயிருக்கிறது என்று கேட்டதும் பாட்டிமார் பூரித்துப் போனார்கள்.

மூன்றாம் மேசை, அளவைகள். பழைய ஆழாக்கு, உழக்கு, படி ஆகியவற்றை வீடுகளிலிருந்து தேடிக் கொண்டு வந்தோம். 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு படி. ஆகவே ஒரு படிக்கு 8 ஆழாக்கு. ஆழாக்கு என்பது படியில் அரைக்கால். நாம் புத்தகத்தில் எட்டில் ஒன்று என்று எழுதுவதைத்தான் முன்னோர் அரைக்கால் என்றார்கள். காலில் அரை, அரைக்கால்! பின்னங்களைப் பெருக்கும் விதி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. மூன்று கால் சேர்ந்தால் முக்கால். காலில் கால் மாகாணி, அதாவது பதினாறில் ஒன்று. பின்னம் வராது என்று சொல்லும் நாம், பாட்டி நாவில் அது எளிதாகப் புழங்குவதைக் கேட்டதில்லை.

நான்காம் மேசை, தையல். இதற்குப் பொறுப்பு ஒரு மாணவியின் அம்மா. தையல் வேலை செய்பவர். குடைப் பாவாடைக்குத் துணியை நான்காக மடித்து, மூலையில் ஓர் அளவு குறித்து வளைவாக வெட்டுகிறார்கள். அந்த அளவு எவ்வளவு? “இடுப்பளவில் ஆறில் ஒன்று, அதிலும் கொஞ்சம் குறைத்து” என்றார் அவர். இடுப்பு 66 சென்டிமீட்டர் என்றால் ஆறில் ஒன்று 11. கொஞ்சம் குறைத்தால் பத்தரை. நாங்கள் வட்டச் சுற்றளவு வாய்பாட்டைப் போட்டுப் பார்த்தோம். இரண்டு பங்கு ஆரத்தை ஏழில் இருபத்திரண்டால் பெருக்க வேண்டும். ஆரம் 10.5 என்றால் சுற்றளவு சரியாக 66! நாங்கள் வாய்பாட்டில் படித்ததை அவர் கத்தரிக்கோலில் வைத்திருந்தார்.

ஐந்தாம் மேசை, பயறு ஜாடி. கண்ணாடி ஜாடி நிறையப் பச்சைப் பயறு. எத்தனை இருக்கும் என்று ஊகிக்க வேண்டும். எழுதத் தெரியாதவர்களும் கலந்துகொள்ள வேண்டுமே! அதனால் ‘ஆயிரத்துக்குள்’, ‘ஐயாயிரத்துக்குள்’, ‘அதற்கு மேல்’ என்று மூன்று டப்பாக்கள் வைத்து, ஆளுக்கு ஒரு கூழாங்கல்லைப் போடச் சொன்னோம். போட்டவர் யார் என்று யாருக்கும் தெரியாது. தவறினாலும் வெட்கம் இல்லை. பிறகு ஒரு சிறு கரண்டி அளவை மட்டும் எண்ணி, ஜாடிக்கு எத்தனை கரண்டி என்று அளந்து பெருக்கினோம். எல்லாவற்றையும் எண்ணாமலே ஓரளவு சரியான விடை கிடைக்கும் வழி இது.

ஒரு தோழியும் 21 கொட்டைகளும்

எங்கள் வகுப்பில் ஒரு தோழி. அவள் பெயரை எழுத வேண்டாம் என்றாள். ஆனால் இதை எழுதச் சம்மதித்தாள். கணக்குப் பாடவேளை வந்தாலே அவள் முகம் வாடிவிடும். “பத்தாவதில் கணக்கில் போய்விட்டால் அம்மாவோடு கடைக்குப் போய்விடுவேன்” என்று அடிக்கடி சொல்வாள். அவள் அம்மா காலையில் தெருமுனையில் இட்லிக் கடை போடுபவர். பள்ளியில் சேர்த்த நாளுக்குப் பிறகு பள்ளிக்குள் வந்ததில்லை.

மேசைப் பொறுப்பை ஏற்க அவள் மறுத்துவிட்டாள். நாங்கள் வற்புறுத்தவில்லை. “சரி, வருகிறவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போக 21 கொட்டைகளைப் பொட்டலம் கட்டிக் கொடு, போதும்” என்றோம். இரண்டு நாள் உணவு இடைவேளையில் தனியே உட்கார்ந்து கட்டினாள். கட்டிக்கொண்டே தன் இடக்கையும் வலக்கையுமாக ஆடிப் பார்த்திருக்கிறாள். மூன்றாம் நாள் எங்களிடம் வந்து, “என்னோடு ஆடுங்கள்” என்றாள். ஒருவர் பின் ஒருவராக எல்லோரையும் தோற்கடித்தாள்! காரணம் கேட்டால் சிரித்தாள். முதல் மேசை அவளுடையதாயிற்று.

அந்த மாலையில் அவள் அம்மாவும் வந்தார். “மாவு அரைக்கணும், அரை மணி நேரம்தான் இருப்பேன்” என்று சொல்லிக்கொண்டே ஓரமாக நின்றார். மகள் அழைத்து எதிரில் உட்கார வைத்தாள். முதல் ஆட்டத்தில் அம்மா தோற்றார். இரண்டாவதிலும் தோற்றார். மூன்றாவது ஆட்டத்தின் நடுவில் கையை நிறுத்திக் குவியலையே பார்த்தார்.

“ஏம்மா, நீ ஒண்ணு எடுத்தா நான் மூணு எடுக்கிறேன். நீ ரெண்டு எடுத்தா நானும் ரெண்டு. ரெண்டு பேரு கையும் சேர்ந்து நாலு நாலா போயிட்டா, கடைசி எனக்குத்தானே வரும்? நான் தட்டுக்கு நாலு இட்லி வைக்கிறவ. இது தெரியாதா எனக்கு!”

ஆம், இதுவேதான் அந்த ஒளிந்திருந்த கணக்கு. எதிராளிக்கு எப்போதும் 4 இன் மடங்கை விட்டுவைக்க வேண்டும். 21 ஐ 4 ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே முதலில் ஆடுபவர் 1 எடுத்து 20 ஐ விட்டுவிட்டால், பிறகு அவர் தவறே செய்யாதவரை வெற்றி அவருக்கே. நாங்கள் வகுப்பில் ‘வகுத்தல் மீதி’ என்று படிப்பதை அந்த அம்மா இட்லித் தட்டில் கண்டார். “இதை நிரூபணம் என்று சொல்வோம்” என்றார் எங்கள் ஆசிரியை. அந்த அம்மா நாணத்தோடு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஏழு மணி வரை அவர் போகவில்லை. மகளுக்குப் பக்கத்தில் நின்று, வந்தவர்களோடு ஆடிக்கொண்டிருந்தார்.

அதன் பின் எங்கள் தோழி கணக்கில் முதல் மாணவி ஆகிவிட்டாள் என்று எழுத ஆசைதான். அது உண்மையல்ல. இன்னும் இயற்கணிதத்தில் தடுமாறுகிறாள். ஆனால் அடுத்த திங்களன்று, “புரியவில்லை டீச்சர், இன்னொரு முறை சொல்லுங்கள்” என்று எழுந்து நின்று கேட்டாள். அவள் கை உயர்த்தியதை நாங்கள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தோம். கடைக்குப் போய்விடுவேன் என்ற பேச்சை இப்போது அவள் எடுப்பதில்லை.

நாங்கள் கற்றுக்கொண்டவை

யாரையும் ‘பங்கெடு, பங்கெடு’ என்று சொல்லிப் பங்கெடுக்க வைக்க முடியாது. கையில் ஒரு சிறு வேலையைக் கொடுத்தால் போதும். பொட்டலம் கட்டுவது, புள்ளி வைப்பது, கூழாங்கல் போடுவது. கை வேலை செய்யத் தொடங்கினால் மனமும் மெல்லப் பின்னால் வரும். கூட்டத்தின் முன் தவறிவிடுவோம் என்ற பயத்தை எடுத்துவிட்டால் எல்லோரும் முயன்று பார்ப்பார்கள். வீட்டார் அறிந்த தொழிலிலிருந்து கேள்வி எழுந்தால், அன்று அவர்களும் ஆசிரியர்களே.

குறைகளும் இருந்தன. அளவை மேசையில் நெருக்கடி தாங்கவில்லை. அடுத்த முறை அதை இரண்டாக்க வேண்டும். அப்பாக்கள் பலர் வாசலிலேயே மிதிவண்டியோடும் இருசக்கர வண்டியோடும் நின்றுவிட்டார்கள். வாசலருகே ஒரு மேசை போட்டால் அவர்களும் அகப்படுவார்கள் என்று வாயிற்காவலர் தாத்தா யோசனை சொல்லியிருக்கிறார்!

அன்பார்ந்த பெற்றோரே! வீட்டுப் பாடத்தை நீங்கள் சொல்லித் தர வேண்டியதில்லை. “எனக்குக் கணக்கு வராது” என்று மட்டும் எங்கள் காதுபடச் சொல்லாதீர்கள். அது உண்மையுமல்ல. கடைக்குப் போகும்போதும் துணி அளக்கும்போதும் எங்களையும் கூட்டிக்கொண்டு, “எப்படிக் கண்டுபிடித்தாய்?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

அன்புத் தங்கையரே! அடுத்த ஆண்டு நாங்கள் இங்கே இருக்க மாட்டோம். புளியங்கொட்டைகளை ஒரு டப்பாவில் போட்டு, கணித மன்றத்து அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறோம். படியும் உழக்கும் அதன் அருகில் உள்ளன. மேசைகளை நீங்கள் போடுங்கள். உங்கள் வகுப்பில் யார் கையே உயர்த்துவதில்லையோ, அவளைத் தேடிப் போய் அந்த டப்பாவை முதலில் அவளிடம் கொடுங்கள்.

– பத்தாம் வகுப்பு மாணவி
(கணித மன்றத் தோழியர் சார்பில்)